பெட்டிக்குள் இருந்த கடிதம்: 1949 திருவண்ணாமலைச் சந்திப்பும் தலைவர்களின் கண்ணியமும்

1. ரயில் நிலையத்தில் ஒரு பேச்சு

1949ஆம் ஆண்டு மே மாதம், இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி திருவண்ணாமலைக்கு வந்தார். அருணாசலேசுவரர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில், தரைக்குக் கீழே இருக்கும் பாதாள லிங்கச் சன்னதி அப்போதுதான் புதுப்பிக்கப்பட்டிருந்தது. 1896இல் மதுரையிலிருந்து வீட்டைவிட்டு வந்த வேங்கடராமன் என்ற சிறுவன், பின்னாளில் ரமண மகரிஷி என்று அறியப்பட்டவர், பூச்சி கடிப்பதுகூடத் தெரியாமல் அமர்ந்திருந்த இடம் அது. சிதைந்து கிடந்த அந்த இடத்தைப் பார்சிப் பெண்மணி ஒருவர் முன்னின்று சீர்செய்ய வைத்தார். திறந்துவைக்க ராஜாஜி வந்தார்.

அதே ஊருக்கு, அதே சமயத்தில், பெரியார் ஈ.வெ. ராமசாமியும் வந்தார். கோயிலுக்கு அல்ல, ரயில் நிலையத்துக்கு. அப்போது மீட்டர் கேஜாக இருந்த விழுப்புரம் காட்பாடிப் பாதையில் உள்ள அந்த நிலையத்தில் கவர்னர் ஜெனரலின் தனி ரயில் பெட்டி நின்றிருந்தது. பெரியார் அதில் ஏறினார். இருவரும் தனியாகப் பேசினார்கள். இறங்கி வந்த பிறகு என்ன பேசினோம் என்று பெரியார் யாரிடமும் விரிவாகச் சொல்லவில்லை.

தமிழக அரசியல் வரலாற்றில் இவ்வளவு குறைவான சாட்சியங்களோடு இவ்வளவு அதிகமாகப் பேசப்பட்ட சந்திப்பு வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். அடுத்த இரண்டு மாதங்களுக்குள் பெரியார் தம்மைக் கவனித்துக்கொண்ட மணியம்மையாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். ஏறத்தாழ நான்கு மாதங்களில் பெரியாரின் திராவிடர் கழகம் உடைந்து திராவிட முன்னேற்றக் கழகம் (தி.மு.க.) பிறந்தது. உடைப்புக்கான சதி அந்த ரயில் பெட்டியில்தான் தீட்டப்பட்டது என்ற பேச்சு பல பத்தாண்டுகள் மேடைகளில் உலவியது. இதற்கு நேர்மாறாக இன்னொரு கதையும் இன்று பரவலாக இருக்கிறது. கொள்கையால் எதிரிகளாகவும் அன்பால் நண்பர்களாகவும் இருந்த இரு பெரியவர்களின் கதை அது. ராஜாஜியின் சிதையருகே பெரியார் அழுத படம் அந்தக் கதைக்கு முத்திரையாகிவிட்டது.

தலைவர்களிடம் நாம் போற்றும் கண்ணியம் என்பது எது? மனத்தைத் திறந்து காட்டுவதா, திறக்காமல் காப்பதா? இந்தச் சந்திப்பை முன்வைத்து அந்தக் கேள்வியைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. தொண்டர்கள் ஏன் அதிர்ந்தார்கள்

ராஜாஜி 1878 டிசம்பரில் பிறந்தவர். பெரியார் 1879 செப்டம்பரில். சேலம் நகராட்சித் தலைவராக ஒருவரும் ஈரோடு நகராட்சித் தலைவராக மற்றவரும் இருந்த நாள்களில் தொடங்கிய பழக்கம் அவர்களுடையது. பெரியார் காங்கிரசுக்குள் வந்ததில் ராஜாஜியின் பங்கு பெரிது. 1925இல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறிய பிறகு இருவரும் எதிரெதிர்த் திசையில் நடந்தார்கள். 1937இல் முதலமைச்சரான ராஜாஜி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்த பெரியார் சிறைக்குப் போனார், பெல்லாரிச் சிறை உட்பட. இவ்வளவும் எல்லோரும் அறிந்தது.

1948 ஆகஸ்டில் நடந்ததை அந்த அளவுக்கு யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. கவர்னர் ஜெனரலான ராஜாஜி சென்னைக்கு வந்தபோது அவருக்குக் கறுப்புக்கொடி காட்டத் திராவிடர் கழகம் முடிவெடுத்தது. பெரியாரும், பின்னாளில் தி.மு.க.வைத் தொடங்கிய அண்ணாவும், மற்ற முன்னணியினரும் முன்கூட்டியே கைது செய்யப்பட்டார்கள். ஒன்பதே மாதங்களில், யாருக்குக் கறுப்புக்கொடி காட்டச் சொன்னாரோ அவருடைய ரயில் பெட்டிக்குள் பெரியார் ஏறினார். கறுப்புச் சட்டையோடு லாரியில் ஏற்றப்பட்ட தொண்டனின் இடத்திலிருந்து இதைப் பார்த்தால்தான் அந்த அதிர்ச்சியின் கனம் புரியும். தனிப்பட்ட நட்பு வேறு, பொதுவாழ்வு வேறு என்று தலைவர் பிரித்து வைத்திருக்கலாம். அந்தப் பிரிவினை தொண்டனுக்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை.

அதே மே மாதம் கோவையில் கூடிய மாநாட்டில், ராஜாஜியிடம் பேசியது என்ன என்ற கேள்வியை அண்ணா மேடையிலேயே எழுப்பினார். பெரியார் அது தம் சொந்த விஷயம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். பிறகு ஜூன் மாதம் தம் பத்திரிகையான ‘விடுதலை’யில் அவர் எழுதிய விளக்கம் வந்தது. இயக்கத்துக்கும் அதன் சொத்துக்கும் தமக்குப் பின் நம்பிக்கையான வாரிசு தேவை, அதற்கான சட்ட ஏற்பாடே மணியம்மையாரோடு நடக்கவிருக்கும் திருமணம் என்பது அதன் சாரம். ஜூலை 9ஆம் தேதி திருமணம் பதிவானது. பெரியாருக்கு 70ஐத் தொடும் வயது. மணியம்மையார் ஏறத்தாழ 40 ஆண்டு இளையவர். பொருந்தாத் திருமணத்தைக் கண்டித்துப் பேசியும் எழுதியும் வளர்ந்த இயக்கம் அது. அண்ணாவின் பக்கம் நின்றவர்களின் எதிர்ப்பைப் பதவி ஆசை என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது நேர்மையாகாது. பெரியார் கற்றுக்கொடுத்த பாடத்தை அவரிடமே ஒப்பித்துக் காட்டினார்கள்.

பெரியார் தரப்பிலும் சட்டக் காரணம் பொய்யல்ல. அன்றைய இந்துச் சட்டத்தில் ஆணைத்தான் தத்தெடுக்க முடியும். பெண்ணைத் தத்தெடுக்க 1956ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. வளர்ந்த பெண் ஒருவரைச் சட்டபூர்வமான வாரிசாக்க அவருக்குக் கிடைத்த நேர்வழி திருமணம்தான். அவரே ஆயிரக்கணக்கில் நடத்திவைத்த சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அப்போது இல்லை. அதை 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணாதான் சட்டமாக்கினார். ஆகவே பதிவாளர் முன் போய் நிற்க வேண்டியிருந்தது.

3. மூன்று விளக்கங்கள்

திருவண்ணாமலைச் சந்திப்பைப் பற்றி இதுவரை சொல்லப்பட்டவற்றை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, சதி விளக்கம். ராஜாஜி சாணக்கியர்; இயக்கத்தைப் பிளக்கத் திருமண யோசனையைச் சொல்லிக்கொடுத்தார். இது எளிதில் விழுந்துவிடும் வாதம். பெரியாருக்கும் அண்ணாவுக்கும் இடையே விரிசல் அதற்கு முன்பே கண்டிருந்தது. 1947 ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்றார் பெரியார். அண்ணா அதை மறுத்து வெளிப்படையாகவே எழுதினார். கறுப்புச் சட்டை பற்றியும் தேர்தல் பற்றியும் கருத்து வேறுபாடுகள் இருந்தன. உடையக் காத்திருந்த பானைக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. தவிரவும், சதி செய்பவர்கள் கவர்னர் ஜெனரலின் பாதுகாப்பு வளையத்துக்கு நடுவே, ஊரே பார்க்கும் ரயில் நிலையத்தில் சந்திக்கமாட்டார்கள்.

இரண்டாவது, திராவிடர் கழகத்தின் விளக்கம். திருமணம் குறித்து ராஜாஜி பெரியாருக்கு எழுதிய கடிதம் ஒன்று பெரியாரின் மறைவுக்குப் பிறகு அவருடைய ஆவணங்களிலிருந்து கழகத்தைச் சேர்ந்த கி. வீரமணியால் வெளிக்கொண்டுவரப்பட்டது. அந்தக் கடிதத்தில் ராஜாஜி திருமணத்துக்கு ஊக்கம் தரவில்லை. வயதை எண்ணித் தயங்கும்படிதான் சொல்லியிருந்தார். ஊரெல்லாம் எதை ராஜாஜியின் யோசனை என்று ஏசியதோ, அதற்கு நேர்மாறானதே அவருடைய யோசனை. அந்தரங்கம் என்ற குறிப்போடு வந்த கடிதம் என்பதால் பெரியார் அதைக் கடைசிவரை வெளியிடவில்லை.

இந்தச் சான்றை எந்த அளவுக்கு நம்பலாம்? எழுதியவரும் பெற்றவரும் இறந்த பிறகு, தொடர்புள்ள ஒரு தரப்பிடமிருந்து வந்த ஆவணம் இது. ‘பார்ப்பனர் சொல்லைக் கேட்டு இயக்கத்தைக் கெடுத்தார்’ என்ற பழியிலிருந்து பெரியாரை விடுவிப்பது அந்தத் தரப்புக்கு நன்மைதான். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. மதித்துக் கேட்ட நண்பரின் அறிவுரையையும் மீறித் தம் முடிவுக்குத் தாமே முழுப் பொறுப்பாளியாக நின்றார் பெரியார் என்பதையும் அதே கடிதம் காட்டிவிடுகிறது. தம் தலைவருக்குப் புகழ் சேர்க்க மட்டும் ஒருவர் தேடி எடுக்கும் ஆவணம் இப்படி இருக்காது. அதனால் கடிதத்தின் சாரத்தை ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை.

மூன்றாவது, நட்பு விளக்கம். இன்று பெரும்பான்மையோர் சொல்வது இதைத்தான்: அந்தக் காலத்துத் தலைவர்கள் எதிர்த்தாலும் மதித்தார்கள், இன்று அது இல்லை. இதில் உண்மை உண்டு. சிரமமான பகுதிகளைத் தொடாமல் கடந்துபோகும் வசதியும் உண்டு. அந்தப் பகுதிகளை இனிப் பார்க்கலாம்.

4. சொல்லாமல் இருந்ததன் எடை

1949 முதல் 1973 வரை பெரியார் மீது விழுந்த வசை கொஞ்சமல்ல. அந்த ஆண்டுகள் முழுதும் அவர் கையில் ஒரு தாள் இருந்தது. அதை ‘விடுதலை’யின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருந்தால் ஒரு பழியாவது ஒரே நாளில் தீர்ந்திருக்கும். பத்திரிகை அவருடையது, அச்சகம் அவருடையது. எதையும் மறைத்துப் பேசும் வழக்கமும் அவருக்கு இல்லை. அப்படிப்பட்டவர் அதை எடுக்கவில்லை.

ராஜாஜியும் தம் பங்குக்கு அதைத் தூக்கிக் காட்டவில்லை. பிளவுக்குச் சூத்திரதாரி என்று தம்மை ஏசியவர்களோடு 1967 தேர்தலில் அவர் கூட்டணி வைத்தார். பெரியாரோ அந்தத் தேர்தலில் காமராசரின் பக்கம் நின்றார். இடையில் 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயரிட்டுப் பெரியார் நடத்திய போராட்டம், 1954இல் ராஜாஜி முதலமைச்சர் பதவியை விட்டு விலகியதில் முடிந்தது. அந்தப் போரின் உச்சத்தில்கூடக் கடிதம் ஆயுதமாகவில்லை. எதிரியை அரசியலில் வீழ்த்தலாம், அவன் நம்பி எழுதிய தாளை விற்கக்கூடாது என்ற வரம்பு இருவருக்கும் இருந்தது. தனிப்பேச்சுகளைப் பதிவுசெய்து வெளியிடுவது அன்றாட அரசியலாகிவிட்ட இன்று, அந்த வரம்பின் அருமை எனக்கு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது.

ஆனால் கண்ணியம் எல்லா வாயிலும் அதே அளவில் இருக்கவில்லை. பெரியார் திருமணத்தை எதிர்த்தவர்களின் பெயர்களை அண்ணாவின் ‘திராவிட நாடு’ இதழ் ‘கண்ணீர்த் துளிகள்’ என்ற தலைப்பில் வெளியிட்டது. தலைவனை இழந்த துக்கத்தை வெளியே சொல்ல அவர்கள் எடுத்துக்கொண்ட சொல் அது. பெரியார் அந்தச் சொல்லையே பிடுங்கி வசையாக்கினார். தி.மு.க.வைக் கண்ணீர்த்துளிக் கட்சி என்று ஏறத்தாழ 18 ஆண்டுகள் அழைத்தார். பிரிந்துபோனவர்களில் அவருடைய அண்ணன் மகன் ஈ.வெ.கி. சம்பத்தும் ஒருவர் என்பதை நினைத்தால், அந்தச் சொல்லுக்குள் இருந்த காயத்தின் ஆழமும் தெரிகிறது. மனம் திறந்து அழுததை இகழ்ச்சிப் பெயராக்கியது தமிழக அரசியலுக்கு நல்லது செய்யவில்லை என்பது என் முடிவு. அழும் தலைவன் நடிக்கிறான், அழாதவன் கல்நெஞ்சன் என்ற இரண்டு வாய்பாடுகளுக்கு நடுவே நாம் இன்றும் சிக்கிக் கிடக்கிறோம்.

அண்ணா வேறு விதமாக நடந்தார். 1949 செப்டம்பர் 17 அன்று, பெரியாரின் பிறந்தநாளில் கட்சியைத் தொடங்கியவர், தலைவர் நாற்காலியைக் காலியாகவே வைத்தார். அவர் உயிரோடு இருந்தவரை தி.மு.க.வுக்குப் பொதுச்செயலாளர் உண்டு, தலைவர் இல்லை. கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்பது அவர் தந்த முழக்கம். அதன் நடுச்சொல்லுக்கு அந்தக் காலி நாற்காலியைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. 1967இல் வென்றதும், தம்மை எதிர்த்துப் பிரசாரம் செய்த பெரியாரைத் திருச்சியில் தேடிப்போய்ப் பார்த்தார். அப்போது தமக்கு ஏற்பட்ட கூச்சத்தைப் பெரியாரே பின்னர் மறைக்காமல் சொன்னார். 88 வயதை நெருங்கிய ஒருவர், நான் வெட்கப்பட்டேன் என்று பொதுவில் சொல்வது எளிதல்ல.

திருவண்ணாமலைக்கு இதில் இன்னொரு இடமும் உண்டு. 1957இல் தி.மு.க. முதன்முறையாகப் பொதுத்தேர்தலில் நின்றபோது மக்களவைக்குப் போனவர்கள் இருவர்தான்: நாமக்கல்லிலிருந்து சம்பத், திருவண்ணாமலையிலிருந்து இரா. தர்மலிங்கம். பிளவின் சந்தேகம் பிறந்த ஊர், பிளவில் பிறந்த கட்சிக்கு டில்லியில் முதல் குரல்களில் ஒன்றைக் கொடுத்தது.

5. திறந்த மனம்: 1933, 1972

பெரியாரின் உணர்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1972 டிசம்பரிலிருந்து தொடங்குகிறார்கள். நான் 1933இலிருந்து தொடங்க வேண்டும் என்பேன்.

1933 மே 11 அன்று நாகம்மையார் இறந்தார். ஏறத்தாழ 35 ஆண்டுகள் உடனிருந்த மனைவி, வைக்கத்தில் போராடியவர். அழக்கூடாது, சடங்கு கூடாது என்று சொல்லி அடக்கத்தை முடித்த பெரியார், மறுநாளே திருச்சிக்குப் போய்த் தடையை மீறி ஒரு திருமணத்தை நடத்திவைத்துக் கைதானார். இதை மட்டும் கேட்டால் உணர்ச்சியே இல்லாத மனிதர் என்று தோன்றும். ஆனால் ‘குடி அரசு’ இதழில் அவர் எழுதிய இரங்கலுரையைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். மனைவியின் மறைவைத் துக்கம் என்பதா, மகிழ்ச்சி என்பதா, இலாபம் என்பதா, நட்டம் என்பதா என்று தம்மையே புரட்டிப் புரட்டிக் கேட்டுக்கொள்கிறார். நடுவே ஓர் ஒப்புதல் வருகிறது: பெண்விடுதலை பற்றி ஊருக்குச் சொன்னதில் நூறில் ஒரு பங்குகூட நாகம்மையாரிடம் தாம் நடந்து காட்டியதாகச் சொல்லிக்கொள்ளத் தமக்குத் தகுதி இல்லை என்று. இறந்தவரைப் புகழ்ந்து தம்மையும் உயர்த்திக்கொள்வது இரங்கலின் வழக்கம். இவர் இறந்தவர் முன் தம்மைக் குற்றவாளியாக நிறுத்தி, அதை அச்சிலும் ஏற்றினார். இந்திய அரசியலில் ஒரு தலைவர் தம் வீட்டுக்குள்ளிருந்த குறையை இப்படித் தாமே எழுதிவைத்தது அபூர்வம்.

1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி 94ஆம் வயதில் இறந்தார். 93 வயதுப் பெரியாரைச் சக்கர நாற்காலியில் வைத்துச் சுடுகாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே அவர் குலுங்கி அழுதார். வெண்தாடி நெஞ்சில் படிய, முகம் சுருங்கி, சிறுபிள்ளை போல் அழும் அந்தத் தோற்றத்தைப் புகைப்படத்தில் காணலாம். நாகம்மையாரின் சாவில் அழக்கூடாது என்ற மனிதர், வாழ்நாள் முழுதும் சாடிய சனாதனத்தின் மிகக் கூர்மையான பிரதிநிதியின் சிதையருகே அதைக் கைவிட்டார். கொள்கையில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுத்த அழுகை அல்ல அது. அதன் பிறகும் அதே பேச்சைத்தான் பேசினார்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1970 டிசம்பரில், மேற்கு ஜெர்மனியின் சான்சலர் வில்லி பிராண்ட் வார்சாவில் யூதர்களின் நினைவுச்சின்னத்தின் முன் மண்டியிட்டார். சொந்த நாட்டில் பலருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு நிகழ்ச்சிகளும் வேறு வேறுதான்: பிராண்ட் ஒரு தேசத்தின் குற்றத்தைச் சுமந்தார், பெரியார் தம் சொந்த இழப்பைச் சுமந்தார். எனினும் இரண்டிலும் உடம்பு பேசியது. கூட்டத்துக்கு என்ன பிடிக்கும் என்ற கணக்கு அதில் இல்லை.

6. மூன்றாமவர்

இதுவரை சொன்னதில் ஒருவர் பெரும்பாலும் வாய் திறக்கவேயில்லை. வேலூரிலிருந்து 1940களின் முற்பகுதியில் இயக்கத்துக்கு வந்து, பெரியாரின் உணவையும் மருந்தையும் பயணத்தையும் பார்த்துக்கொண்ட மணியம்மையார்தான் அவர்.

திருமணத்தால் பெரியாருக்கு வந்தது அரசியல் பழி. மணியம்மையாருக்கு வந்தது ஒழுக்கப் பழி. சொத்துக்காக வந்தவள் என்ற சொல் கூட்டம் கூட்டமாகச் சொல்லப்பட்டது. ஒரு பெண்ணை எந்தச் சொற்களால் ஏசக்கூடாது என்று இயக்கம் கற்பித்ததோ, அதே சொற்கள் அந்த இயக்கத்தில் வளர்ந்தவர்களின் வாயிலிருந்தே வந்தன. கண்ணியம் என்ற சொல்லைக் கொடியில் எழுதாத குறையாகச் சுமந்தவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது.

இந்த இடத்தில்தான் கடிதத்தை வெளியிடாத மௌனத்தை இன்னொரு முறை எடைபோட வேண்டியிருக்கிறது. நண்பரின் நம்பிக்கையைக் காத்தது பெருங்குணம். ஆனால் காத்ததன் விலையைக் கொடுத்தவர்களில் அந்தக் கடிதப் போக்குவரத்தில் எந்தப் பங்கும் இல்லாத ஒரு பெண்ணும் இருந்தார். 1933இல் நாகம்மையாருக்குத் தாம் இழைத்த குறையை அவ்வளவு வெளிப்படையாக எழுதிய பேனா, 1949 ஜூன் மாத விளக்கத்தில் சட்டத்தையும் வாரிசையும் இயக்கத்தின் எதிர்காலத்தையும் பேசியது. உடன் நிற்கும் பெண்ணின் மனநிலைக்கும் மானத்துக்கும் அதே திறப்பைக் காட்டவில்லை. தொண்டர்களுக்கும் அப்படித்தான். என்ன பேசினீர்கள் என்று அவர்கள் கேட்டது துடுக்கல்ல. கறுப்புக்கொடி ஏந்தியதால் வந்த உரிமை அது. கடிதத்தைக் காட்டாமலேயே, ‘இது என் முடிவு, ராஜாஜியின் யோசனை அல்ல’ என்று அழுத்தி ஒரு வரி திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கலாம். நண்பரின் அந்தரங்கமும் கெட்டிருக்காது.

ஆகவே திருவண்ணாமலைச் சந்திப்பின் கண்ணியம் உண்மையானது, ஆனால் முழுமையானதல்ல என்றே நான் மதிப்பிடுகிறேன். சமமான இரு ஆண்கள் ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதை அது. தம்மைவிட வலிமை குறைந்தவர்களிடம் அது முழு அளவில் போய்ச் சேரவில்லை. தலைவர்களை முன்மாதிரியாகக் கொள்ளும்போது எதிரியிடம் எப்படி நடந்தார் என்று பார்ப்பது நம் வழக்கம், பார்க்க வேண்டியதுதான். அருகில் நின்று அடி வாங்கியவரிடம் எப்படி நடந்தார் என்று கேட்பது இன்னும் கடினமான சோதனை.

பெரியார் 1973 டிசம்பர் 24 அன்று வேலூர் மருத்துவமனையில் இறந்தார். ராஜாஜி இறந்து ஓராண்டு நிறைய ஒரு நாள் இருந்தது. மணியம்மையார் திராவிடர் கழகத்தின் தலைவரானார். 1974 டிசம்பர் 25 அன்று டில்லியின் ராமலீலாவுக்குப் பதிலடியாகச் சென்னையில் இராவண லீலா நடத்தினார். நெருக்கடி நிலையில் கழகத்தவர் சிறையில் கிடந்த மாதங்களில் அமைப்பைச் சிதறாமல் வைத்திருந்தார். எந்தச் சொத்துக்காக வந்தார் என்று ஏசினார்களோ அது அவரோடு போகவில்லை. இயக்கத்தின் அறக்கட்டளையிடமே இருந்தது. 1978 மார்ச் 16 அன்று அவர் இறந்தார்.

அந்த ரயில் நிலையச் சந்திப்பைப் பற்றித் திருவண்ணாமலையில் பேசுகிறவர்களும் எழுதுகிறவர்களும் இனி இரண்டு பெயர்களோடு நிறுத்த வேண்டாம். மூன்றாவது பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.